மிதந்த சாம்பல்

புஸ்பவதி அக்கா மணியடித்தபோது லூக்காஸ் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தவரின் கண்ணிலும் தண்ணீர், வந்தவரின் கண்ணிலும் தண்ணீர்.

"எவ்லின் நிக்கிறாவோ? என்ரை மனுசனைக் காணேல்லை," என்றார் அக்கா.

லூக்காஸ் கத்தியும் கையுமாக நின்றுவிட்டார். அக்காவின் மனுசன் இரத்தினம் போன இலையுதிர் காலத்தில் காலமானவர். செத்தவீட்டுக்கு வந்த சனத்தை ஏற்றி இறக்கியதே லூக்காஸ்தான்.

எவ்லின் பதறவில்லை. கொப்ளென்ஸ் நகரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர் அவர். எதையும் உதிர்த்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். ரைன் நதிக்கரையில் அவர்கள் குடியிருந்த அண்டர்நாக் ஊரின் தமிழர்களுக்குப் பொலிசிடம் கொண்டுபோக முடியாத சிக்கல் வந்தால் எவ்லின் வீட்டுக்குத்தான் வருவார்கள். கணவர் லூக்காஸ் பேருந்து ஓட்டுபவர். துப்புத் துலக்குவதில் பாதிப் பங்கு தன்னுடையது என்பது அவருடைய எண்ணம். எவ்லின் அந்த எண்ணத்தை இதுவரை கெடுக்கவில்லை.

"முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ அக்கா. பிறகு சொல்லுங்கோ."

அக்கா குடிக்கவில்லை. மடியில் வைத்திருந்த சிவப்புத் துணிப் பொதியை அவிழ்த்துச் செம்பை மேசையில் வைத்தார். கணவரின் சாம்பல் அதில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை இரத்தினத்தின் தம்பி நடேசன் அதை யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் கீரிமலைக் கடலில் கரைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன், இவ்வளவு காலம் சோறு போட்ட ஊரென்று ஒரு பிடியை ரைன் நதியில் விட அக்கா ஆசைப்பட்டார். நேற்றுப் பின்னேரம் நடேசனும் அவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள்.

"விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வரவேணுமெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. நடேசன் அப்பிடியே நடந்திட்டார். எனக்கு மனம் கேக்கேல்லை, பாத்திட்டன். அவர் தாழேல்லை எவ்லின். வெள்ளை வெள்ளையாய் மேலை மிதந்து கொண்டு போறார்."

"நடேசன் அண்ணை என்ன சொன்னவர்?"

"நான் திரும்பிப் பாத்ததுதான் குற்றமாம். அண்ணன் என்னிலை கோவமாம்." அக்கா செம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் என்ன குறை வைச்சன்? இவர் போகேலாமல் நிக்கிறாரோ, இல்லாட்டி இது இவரே இல்லையோ? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது."

லூக்காஸ் மூக்கை உறிஞ்சினார். இம்முறை வெங்காயம் காரணமில்லை.

எவ்லின் அக்காவிடம் அனுமதி கேட்டு, ஒரு கரண்டி தூளைத் தட்டில் பரப்பினார். பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். பிறகு மருந்துப் பெட்டியிலிருந்து அயோடின் எடுத்து ஒரு துளி விட்டார். தூளில் அங்கங்கே சில பொட்டுகள் கருநீலமாக மாறின. கொஞ்சத்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் தூவினார். மிதந்தது.

"செம்பைத் தூக்கேக்கை பாரம் எப்பிடி அக்கா?"

"நல்லாய்ச் சுருங்கிப் போனார். முந்திக் கை நோகும்."

"ஆரெல்லாம் உங்கடை வீட்டுக்கு வந்து போறது?"

நடேசனும் மகள் சுபானியும் மட்டும்தான் என்றார் அக்கா. நடேசன் நுரைக்கல்லில் கட்டடக் கல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. சுபானி முதியோர் இல்லத்தில் தாதி. "பாவம், அப்பா போனாப் பிறகு பிள்ளை பொறுப்பாய் வந்திட்டாள். புட்டு அவிக்கப் போறன் எண்டு நான் மா அரிக்கிற அரிதட்டைக்கூட வாங்கிக்கொண்டு போனவள். முந்தி அடுப்படிப் பக்கமே வரமாட்டாள். அவர் இருக்கேக்கை ஞாயிறெண்டால் தேப்பனும் மகளும் லாகர் ஏரிக்கு மேலை காட்டுக்குள்ளை போயிடுவினம். அங்கை விழுந்த மரம் ஒண்டிலை இருந்து தேத்தண்ணி குடிப்பினமாம்."

"நீங்கள் போறேல்லையோ?"

"ஏத்தம் எனக்கு ஏலாது. ஏரியிலை படகிலை போவமெண்டால் அவர் வரமாட்டார். தண்ணியெண்டால் அவருக்கு உயிர் போகும். நாட்டை விட்டு வரேக்கை படகு கவிண்டு இவையின்ரை நடுவிலான் தம்பி கடலுக்குள்ளை தாண்டு செத்துப்போனவன். இவரும் நடேசனும்தான் தப்பினவை."

அப்போது நடேசன் அண்ணியைத் தேடி வந்துவிட்டார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். சப்பாத்தைக் கழற்றியபோது கால்மிதியில் வெண்சாம்பல் நிறத்தில் மண் கொட்டியது. லூக்காஸ் அதை ஒரு கடதாசியில் கூட்டி அள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடினார். தண்ணீரில் போட்டார். மிதந்தது.

"ஆள் பிடிபட்டிட்டார்," என்று மனைவியின் காதுக்குள் சொன்னார்.

"இஞ்சருங்கோ, அந்தக் கிண்ணத்தைக் கழுவி வையுங்கோ. நாளைக்கு வான் வண்டியை எடுக்கவேணும். நாங்கள் எல்லாரும் அந்த ஏரிக்கு மேலை மலைக்குப் போறம். சுபானியையும் வரச் சொல்லுறன்."

இரவு முழுக்க லூக்காஸுக்கு நித்திரையில்லை. கையில் குற்றவாளியை வைத்துக்கொண்டு மலைக்குப் போவானேன்? கேட்டால் எவ்லின் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். ஆத்திரமாக வந்தது அவருக்கு.

மறுநாள் மலைச் சரிவெங்கும் பீச் என்ற நெடிய காட்டு மரங்கள் புதுத் துளிர் விட்டிருந்தன. காலையில் நல்ல மழை பெய்திருந்தும் பாதையில் ஒரு குட்டை இல்லை. அக்காவை லூக்காஸ் கைத்தாங்கலாக ஏற்றினார். செம்பு அக்காவின் இடுப்பில் இருந்தது. பாதை பிரிந்த இடங்களில் எல்லோரும் தயங்க, சுபானி மட்டும் தலை நிமிராமல் நடந்துகொண்டிருந்தாள். காற்றில் வேரோடு சாய்ந்த ஒரு பெரிய பீச் மரத்தடியில் நின்றாள். வேர் பிடுங்கிய பள்ளத்தில், மேலே கறுப்பு மண், கீழே இடுப்பளவுக்கு வெளிறிய நொறுங்கல் கற்கள்.

எவ்லின் அதில் ஒரு பிடி அள்ளினார்.

"அக்கா, செம்பிலை இருக்கிறது இதுதான். உடம்பை எரிச்ச சாம்பல் எலும்புத் தூள். தண்ணியிலை தாழும். இது நுரைக்கல்லு. பல ஆயிரம் வருசத்துக்கு முந்தி, இப்ப ஏரி இருக்கிற இடத்திலை எரிமலை வெடிச்சுக் கக்கினது. உள்ளுக்குள்ளை காத்து. அதுதான் பாரம் குறைஞ்சது, அதுதான் மிதந்தது. கடுகிலும் சின்னனாய் ஒரு நீலக்கல்லும் அதுக்குள்ளை இருந்தது. இந்த எரிமலைக் கல்லிலை அந்த நீலம் இருக்கும். அவர் உங்களிலை கோவிக்கேல்லை. அது அவரே இல்லை."

அக்கா அப்படியே அடிமரத்தில் உட்கார்ந்துவிட்டார். எல்லோருடைய கண்ணும் நடேசனின் சப்பாத்துக்குப் போயிற்று. லூக்காஸின் கண்தான் முதலில் போனது.

"இல்லை," என்றார் எவ்லின். "நடேசன் அண்ணை நாள் முழுக்க இந்தக் கல்லோடை நிக்கிறவர். இது மிதக்குமெண்டு அவருக்குத் தெரியும். கடலிலை விடப்போற செம்புக்குள்ளை இதை அவர் போடுவாரோ? ஆத்திலை மிதந்ததைக் கண்டிருந்தால் அப்பவே பிடிச்சிருப்பார். முறைப்படி திரும்பிப் பாக்காமல் போனதாலை காணேல்லை. மாத்தினவருக்குக் கல்லின்ரை நிறம் தெரியும், மிதக்கிறது தெரியாது."

"பிறகு ஆர்?" என்றார் நடேசன்.

"தூள் எல்லாம் ஒரே அளவு. வேரில்லை, சருகில்லை. ஆரோ கழுவிக் காயவைச்சு அரிச்சிருக்கினம். அயோடின் விட்டால் மாச்சத்து நீலமாகும். சாம்பலிலை மாவுக்கு என்ன வேலை? அரிசிமா அரிச்ச அரிதட்டிலைதான் இதையும் அரிச்சிருக்கு. அந்த அரிதட்டு உங்கடை, அக்கா. இன்னொண்டு, தண்ணிக்குப் பயந்த மனுசனைத் தண்ணியிலை விடக்கூடாதெண்டு நினைச்ச ஒராள்தான் இதைச் செய்திருக்கும்."

சுபானி பள்ளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டாள். சருகை விலக்கினாள். கரிந்த திரியோடு ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

"அப்பா இதுக்குக் கீழைதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலை என்னட்டைக் கேட்டவர் அம்மா," என்றாள். "கடலிலை மட்டும் விடாதேங்கோ, எனக்குப் பயமாயிருக்கு எண்டார். அந்தளவு பெரிய மனுசன், பயமாயிருக்கு எண்டு அழுதவர். நீங்களும் சித்தப்பாவும் கீரிமலை எண்டு முடிவெடுத்திட்டியள். எனக்கு வாய் வரேல்லை. நீங்களும் ஆறவேணும், அவரும் பயப்பிடக்கூடாது. கடலிலை விட்டிட்டு ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம் எண்டு சித்தப்பா சொன்னவர். அதை நம்பித்தான் செய்தன். நீங்கள் ஆத்தங்கரையிலை அழுதது எனக்கு நேற்றுத்தான் தெரியும்."

நடேசன் வாய் திறக்கப் போனார். எவ்லின் அவர் கையைத் தொட்டுத் தடுத்தார்.

அக்கா எழுந்து பள்ளத்துக்குள் இறங்கினார். ஏற்றம் ஏலாதென்றவர், சிரட்டை கிடந்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்து வெகுநேரம் குந்தியிருந்தார்.

"எவ்லின், மழை பெய்தால் இதுக்குள்ளை தண்ணி நிக்குமோ?"

"நிக்காது அக்கா. காலமை பெய்தது எங்கையெண்டு பாருங்கோ. இந்தக் கல்லுக்குள்ளாலை இறங்கிப் போயிடும்."

அக்கா தலையாட்டினார். மகளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். "என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே பிள்ளை," என்றார்.

லூக்காஸ் நடேசனின் பக்கம் போய் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். ஆனால் நடேசனோ செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இனிப் போய் என்ன செய்யிறது அண்ணி? வெறுங்கையோடை எப்பிடி அந்தக் கடற்கரையிலை நிக்கிறது?"

புஸ்பவதி அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். செம்பின் வாயைச் சிவப்புத் துணியால் திரும்பக் கட்டி நடேசனின் கையில் வைத்தார்.

"இதைக் கொண்டு போம் தம்பி. அந்தக் கடலிலை உங்கடை வீட்டிலை ஒருத்தன் தாண்டது போதும். விட்டிட்டு, இந்தமுறை திரும்பி நிண்டு பாரும். இது தாழாது."