ஏழாவது படியின் சத்தம்

என் பெயர் சிலுவைமுத்து. ராயபுரத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "மாசத்துக்கு நாலு சவப்பெட்டி செய்யறவன் கிட்டயே கதை வுடறியா?" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தவன்தான் நான். இப்போது அந்தக் கேலி என் வாயில் வருவதில்லை.

1949, செப்டம்பர். ஒரு சனிக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த அந்தப் பழைய மாடி வீட்டுக்கு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நல்ல வெயில். கடற்காற்றில் கருவாட்டு வாடை. வாசலில் என் சிநேகிதன் தாமஸ் காத்திருந்தான். அது அவன் தங்கச்சி ஃப்ளோரன்ஸின் வீடு.

"வா மாமு. அந்த ஏழாவது படிய சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ. அந்த சத்தத்தக் கேட்டுகினு தங்கச்சி ஒரு மாசமா தூங்கல. பைத்தியம் புடிச்சிடும் போலக் கீது."

அந்தப் படியைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரன்ஸின் புருஷன் வால்டர் ஹார்பரில் கிரேன் வேலை பார்த்தவன். படி ஆடுகிறது, புள்ளத்தாச்சி ஏறி இறங்குகிறாள், வந்து பார் என்று மூன்று வாரம் என் பட்டறைக்கு நடையாய் நடந்தான். நானும் தச்சன் சொல்லும் பதிலையே சொன்னேன். நாளைக்கு. ஆகஸ்டில் ஒரு நாள், பெண்டாட்டிக்கு வலி கண்டுவிட்டது என்று சேதி கிடைத்து, வேலை விட்டதும் ஓடி வந்தான். ஏழாவது படி காலை வாரிவிட்டது. உருண்டு விழுந்து, கழுத்து முறிந்து செத்தான். அவன் கீழே கிடக்கும்போதே மேலே ஆண் பிள்ளை பிறந்தது.

அவனுக்குப் பெட்டி செய்ததும் நான்தான். செய்த பாவத்துக்கு நல்ல தேக்கிலேயே செய்தேன். அளவெடுக்கும்போது இடது காலைப் பார்த்தேன். சின்ன விரல்கள் இரண்டும் இல்லை. என்றைக்கோ ஹார்பரில் வின்ச் உருளையில் சிக்கிப் போனவை.

மாடிப்படியின் உச்சியில் ஃப்ளோரன்ஸ் நின்றாள். தோளில் பிள்ளை தூங்கியது. கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"வேணாம்ணே," என்றாள் மெதுவாக. "அது அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும்."

"ஏம்மா?"

"அஞ்சு மணி ஹார்பர் சங்கு ஊதி அரை மணியில டெய்லி வர்றாரு. அந்தப் படி ஒரு தபா கிறீச்சுங்கும். அதுக்கு மேல ஏற மாட்டாரு. புள்ளயத் தூக்கிக்கத்தான் வர்றாருண்ணே. அந்த சத்தம் இருந்தாதான் அவரு எங்க நிக்கிறாருன்னு எனக்குத் தெரியும்."

தாமஸ் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பாத்தியா, நான் சொல்லல என்கிற மாதிரி.

"வெயில்ல காஞ்ச மரம், சாயங்காலம் சூடு எறங்கறப்ப முனகத்தாம்மா செய்யும்," என்றேன். "ஒரே ஒரு ஆப்பு வெச்சா அடங்கிடும். என் வேலை சுத்தமா இருக்கும். நீயே பாரு."

படிக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். பலகையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஆப்பு சுருங்கிக் கழன்று போயிருந்தது. கால் வைத்தால் பலகை பக்கச் சட்டத்தில் உரசுகிறது. அவ்வளவுதான் கோளாறு. ஒரு மணி நேர வேலை. இதைத்தான் மூன்று வாரம் தள்ளிப் போட்டிருந்தேன்.

ஆப்புக்குக் கட்டை தேடிப் பையைத் துழாவினேன். ஒரு தேக்குத் துண்டு கையில் தட்டுப்பட்டது.

எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். பெட்டி செய்து மிஞ்சின கட்டையை வைத்துக்கொள்ளக் கூடாது. பெட்டியோடு சேர்த்துக் குழியில் போட்டுவிட வேண்டும். அது செத்தவனுக்குச் சொந்தம். ஆனால் யுத்தம் முடிந்தும் நல்ல தேக்கு குதிரைக்கொம்பாக இருந்த நேரம் அது. வால்டர் பெட்டியில் மிஞ்சின முழத் துண்டைப் போட எனக்கு மனசு வரவில்லை. பைக்குள் போட்டு வைத்திருந்தேன்.

அதுதான் இது. ஒரு நிமிஷம் யோசித்தேன். அவன் கேட்ட வேலைக்கு அவன் கட்டையே உதவட்டும் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மாடிப்படியின் உச்சியில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அறுத்து, செதுக்கி, வச்சிரப் பசை தடவி, அடியிலிருந்து அடித்து ஏற்றினேன். அளவெடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. தாமஸ் ஏழாவது படியில் ஏறிக் குதித்துப் பார்த்தான். சத்தமே இல்லை. சிரித்துக்கொண்டே கீழே இறங்கி வந்தான். ஏழாவது படியிலிருந்து உச்சிவரை மாவு தூவின மாதிரி மரத்தூள் கிடந்தது. பெருக்கிவிட்டுப் போகலாம் என்று துடைப்பம் கேட்டேன்.

அப்போது ஹார்பர் சங்கு ஊதியது.

"இருங்கண்ணே," என்றாள் ஃப்ளோரன்ஸ் மேலிருந்து. "அரை மணி இருந்துட்டுப் போங்க."

இருந்தோம். கீழே நானும் தாமஸும். மேலே அவளும் பிள்ளையும். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் படிகள்மேல் விழுந்திருந்தது. தெருவில் மீன் விற்கிறவள் குரல் கொடுத்துக்கொண்டு போனாள். பிறகு அதுவும் நின்றது.

அரை மணி ஆயிற்று.

ஒரு சத்தமும் இல்லை.

"நான் சொல்லல?" என்றான் தாமஸ்.

நானும் வாயைத் திறந்தேன். அப்போதுதான் கிரீஸ் வாடை வந்தது. கிரேன் ஆட்களின் சட்டையில் அடிக்குமே, அந்த வாடை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, எங்களைத் தாண்டிப் போனது.

"அண்ணே," ஃப்ளோரன்ஸின் குரல் நடுங்கியது. "எங்க நிக்கிறாரு?"

ஏழாவது படியில் மரத்தூள் அமுங்கியது.

வெறுங்கால். இடது கால். மூன்றே விரல்.

எட்டாவது படியில் வலது கால்.

ஒன்பது.

என்ன செய்தேன் என்று அப்போது புரிந்தது. அவனால் தாண்ட முடியாமல் நின்ற ஒரே படியில், அவன் கட்டையையே வைத்து நானே அவனுக்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பத்து.

படிக்கு அடியில் பாய்ந்தேன். உளியை வைத்து அடித்தேன். வச்சிரம் முழுதாகக் காயவில்லை. ஆனாலும் கட்டை அசையவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. மாதாவே, மாதாவே என்று அடித்தேன். மேலே ஆளில்லாத தூளி ஆடும் சத்தம் கேட்டது. அவன் பிள்ளையைத் தேடுகிறான்.

கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"தங்கச்சி! புள்ளய எடுத்துகினு கீழ வா!"

அவள் ஓடி வந்தாள். ஏழாவது படியில் கால் வைத்தாள். கிறீச். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தாமஸ் அவளையும் பிள்ளையையும் இழுத்து அணைத்துக்கொண்டான். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். படியில் யாரும் இல்லை.

கிறீச்.

அவள் பின்னாலேயே அவனும் இறங்கி வந்துவிட்டான்.

அதற்கப்புறம் அவர்கள் அந்த வீட்டில் ஒரு பொழுதும் தங்கவில்லை. தாமஸ் திருவொற்றியூரில் ஒரு ஓட்டு வீடு பிடித்துக் கொடுத்தான். மாடி கிடையாது. படியும் கிடையாது. பிளந்த கட்டையை நான் காசிமேட்டுக் கல்லறையில் வால்டர் காலடியில் தோண்டிப் புதைத்தேன். முழங்காலில் நின்று மன்னிப்பும் கேட்டேன்.

போன மாதம் பிள்ளைக்கு மூன்றாவது பிறந்தநாள். மிட்டாய் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஃப்ளோரன்ஸ் உடம்பு தேறியிருந்தாள். எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

மணி ஐந்தரை இருக்கும். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று எழுந்து வாசல் பக்கம் ஓடினான். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்திச் சிரித்தான்.

அவன் குதிகால் தரையை விட்டு எழும்பியது. பிறகு விரல்களும்.

காப்பி என் கையிலிருந்து கொட்டியது. ஃப்ளோரன்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கீழ வுட்ருங்க," என்றாள், பழகிப்போன குரலில். "புள்ள சாப்புட்ற நேரம்."

எழுந்து நின்றேன். "எப்பத்திலேர்ந்துமா இப்பிடி?"

"தெரியலண்ணே. இங்கதான் படி இல்லியே. அவரு வர்றது எனக்குக் கேக்கறதே இல்ல."

கிளறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை சொன்னாள், இந்த முறை கெஞ்சலாக.

"வுட்ருங்க."

பிள்ளையின் கால் இன்னும் தரைக்கு வரவில்லை.