பூட்டில்லாத மூடி

செல்போன் கதறியது.

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைக் காதில் வைத்தாள் நந்தினி.

"சொல்லுண்ணே..."

"நந்தினி... மொதலாளி செத்துக் கெடக்காருடி!"

அவள் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யாரு... காத்தமுத்து ஐயாவா? எங்கண்ணே?"

"எஞ்சின் ரூமுக்குள்ள! விரலெல்லாம் ரத்தம்... உள்ளேருந்து மூடியத் தட்டித் தட்டி அடிச்சிருக்காரு. எஞ்சின் போட்ட சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலடி..."

அதற்குள் யாரோ போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

அது 2006, மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். காரைக்கால் துறைமுகத்தில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசையாய்க் கிடந்தன. காலேஜிலிருந்து நந்தினி ஓடி வந்தபோது, அவள் அண்ணன் அன்பழகன் இரண்டு சிவப்புத் தொப்பி கான்ஸ்டபிள்களுக்கு நடுவே நின்றான்.

காத்தமுத்து படகின் டிரைவர் அவன். அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு, தங்கச்சியை இன்ஜினியரிங் படிக்கவைத்து, காலேஜில் பாடம் நடத்துகிற ஆளாக்கியவன். இப்போது அவன் கையில் விலங்கு!

இன்ஸ்பெக்டர் நூர் அகமது எஞ்சின் ரூம் மூடியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கம்மா. பூட்டு இல்ல, தாழ்ப்பா இல்ல. சின்னப் புள்ள தூக்கிரும். அந்த மனுஷனால ஏன் முடியல?"

நந்தினி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேல யாரோ உக்காந்திருக்கணும். போட்டுல இருந்தது உங்கண்ணன் மட்டுந்தான். சாட்சி இருக்கு."

சாட்சி, துறைமுக வாசலில் மீன் விற்கும் செல்லம். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நான் என்ன பாப்பா செய்வேன்? கண்ணால பாத்ததச் சொன்னேன். வேற ஒரு ஆம்பள ஏறலியே!"

"நாளைக்கு சாயங்காலம் கோர்ட்டு. கொலக் கேசு. வக்கீல் பாத்துக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

நந்தினி வக்கீலைப் பார்க்கவில்லை. நேரே லேபுக்குத் திரும்பினாள். சாயங்காலம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேஜைமேல் சிவப்பும் நீலமுமாக நாலு தாள்களைப் பரப்பினாள்.

"என்னம்மா இது... கோலமா?"

"எஞ்சின் மூச்சு இழுக்கற படம் சார்."

அதுதான் மூன்று வருஷமாக அவள் ஆராய்ச்சி. எஞ்சினுக்குள் காற்று போகிற வால்வு எவ்வளவு திறந்தால் எவ்வளவு காற்று நுழையும், எங்கே சுழலும், எங்கே முட்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது. அதற்கு அவள் எடுத்துக்கொண்டதும் அண்ணன் ஓட்டும் இதே படகின் எஞ்சின்தான்!

"ஆறு சிலிண்டர் சார். ஒவ்வொரு தடவ வால்வு தெறக்கறப்பவும் ஒரு வாய் காத்து உள்ள போவும். ஃபுல் ஸ்பீடுல நிமிஷத்துக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல! அது எங்கேருந்து வருது?"

"எங்கேருந்து?"

"எஞ்சின் ரூம்லேருந்து. ரூமுக்கு மேலேருந்து ரெண்டு காத்துக் குழாய். ஒண்ணுல சாக்கு அடைச்சிருக்கு. பெயிண்ட் அடிக்கறப்ப எல்லாப் போட்டுலயும் அடைக்கறதுதான். இன்னொண்ணையும் அடைச்சு, மூடியையும் போட்டுட்டா?"

"மூச்சு முட்டும்."

"மொதல்ல எஞ்சினுக்கு முட்டும் சார்! ரூமுக்குள்ள இருக்கறதையே உறிஞ்சும். உள்ள காத்து கொறையும். வெளிக்காத்து மூடிய மேலேருந்து அமுக்கும். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்... இருநூறு கிலோ!"

நூர் அகமது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருநூறு கிலோவா!"

"யாரும் மேல உக்கார வேணாம். அந்தப் புகையிலயும் சூட்டுலயும் ஐயா அடிச்சு அடிச்சே..." அவள் அடுத்த தாளை இழுத்தாள். "எஞ்சினை நிறுத்தி, அடைப்பை எடுத்துட்டா மூடி லேசாயிரும். நீங்க ஒரு வெரல்ல தூக்கினீங்களே, அப்படி. ஆக்ஸிலேட்டர், சுவிட்ச் எல்லாம் மேல வீல்ஹவுஸ்ல இருக்கு. செஞ்சவன் திரும்பி வந்து நிறுத்தியிருக்கான்."

"உங்கண்ணன் பாக்கலியா?"

"பின்பக்கம் உக்காந்து வலை பின்னிக்கிட்டிருந்துச்சு. ஐயாதான் எஞ்சினை ஓட்டிப் பாக்கறாருன்னு நெனச்சிருக்கு. வீல்ஹவுஸ் மறைக்கும். பக்கத்துப் போட்டுலேருந்து ஒரு எட்டு வச்சா உள்ள வந்துரலாம்."

பக்கத்துப் படகு ஷகீலுடையது. படகைக் கட்டுகிற இடத்துக்காகப் போன வாரம் அவனும் காத்தமுத்துவும் சட்டையைப் பிடித்துக்கொண்டதை ஊரே பார்த்தது.

"அவனைத் தூக்கிரட்டுமா?"

"தெரியாம தூக்காதீங்க சார், எங்கண்ணனைத் தூக்கின மாதிரி!" படீரென்று வந்தது. "கணக்கு இன்னொண்ணும் சொல்லுது. கெட்டியா அடைச்சிருந்தா எஞ்சின் சட்டுனு நின்னிருக்கும். கால் மணி நேரம் ஓடிச்சுன்னு அண்ணன் சொல்லுது. அப்படின்னா எலுமிச்சம்பழ அளவு சந்து வழியா காத்து கசிஞ்சிருக்கு. அடைச்சது துணி! அதுலேருந்து நூலு, தூசு எல்லாத்தையும் எஞ்சின் இழுத்திருக்கும். இழுத்தது ஏர் ஃபில்டர்ல நிக்கும்."

"வாங்க, இப்பவே தெறப்போம்!"

"நூலு ஆளைக் காட்டுமோ காட்டாதோ... பயம் ஆளைக் காட்டிக்குடுக்கும் சார். நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் தெறக்கப்போறோம்னு துறைமுகம் பூரா சொல்லிவைங்க."

காலை பத்து மணி.

நந்தினி படகில் கால் வைத்ததும் கரையில் முணுமுணுப்பு எழுந்தது.

"பொம்பள போட்டுல ஏறுறாளே... வெளங்குமா?"

"படிச்ச திமிரு!"

இந்தக் கரையில் பெண்கள் மீனைத் தொடலாம், வலையைத் தொடலாம். படகில் மட்டும் ஏறக்கூடாது. ஷகீல் தன் படகிலிருந்து அவளையே வெறித்தான். நூர் அகமது எல்லோரும் பார்க்க ஜீப்பில் கிளம்பிப் போனார். சுற்றிக்கொண்டு வந்து மூன்றாவது படகில் வலைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினார். வேடிக்கை பார்த்தவர்கள் அலுத்துப்போய்க் கலைந்தார்கள்.

நந்தினி ஏணியில் இறங்கினாள். மூடியின் அடிப்பக்கம் காத்தமுத்துவின் விரல் ரத்தம் காய்ந்திருந்தது.

ஃபில்டரின் தகர மூடியைக் கழற்றினாள். டார்ச் அடித்தாள்.

நூல் பிசிறு... செதில்... அப்புறம்...

ஒரு முழ நீளத்துக்குத் தலைமுடி! அதோடு ஒட்டிக்கொண்டு, வாடிய கனகாம்பர இதழ்!

'பொம்பளையா?'

போலீஸ், ஊர், ஏன், அவளே கூட... எல்லோரும் ஆம்பளைகளை மட்டுமே எண்ணியிருந்தார்கள். படகில்தான் பொம்பளை ஏறவே மாட்டாளே!

டப்!

தலைக்கு மேல் மூடி விழுந்தது.

மறு நொடி எஞ்சின் உறுமியது. உறுமல் ஏறியது... இன்னும் ஏறியது... காது அடைத்தது!

நந்தினி பாய்ந்து மூடியை முட்டினாள். தோள் கொடுத்துத் தள்ளினாள். மலை மாதிரி அசையாமல் கிடந்தது. தாளில் எழுதிய இருநூறு கிலோ இப்போது நிஜமாகவே அவள் தலைமேல்!

"சார்ர்ர்!"

அந்தச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. புகையில் தொண்டை கமறியது. கண் எரிந்தது. நான் செத்தால் அண்ணனுக்காக யார் பேசுவார்கள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

'அழாதடி. யோசி! மூடிய அமுக்கறது யாரு? எஞ்சின். அதுக்கு என்ன வேணும்? காத்து!'

மூடியை விட்டாள். ஏணியை விட்டாள். தட்டுத் தடுமாறித் திரும்பி வந்து, கழற்றிய தகர மூடியை எடுத்தாள். காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த குழாய் வாயில் அதை வைத்தாள்.

லபக்கென்று பிடித்துக்கொண்டது!

எஞ்சின் விக்கியது. இருமியது. படகே குலுங்க இரண்டு தடவை உதறிவிட்டு... நின்றது.

நந்தினி ஏணியில் ஏறித் தலையால் முட்டினாள். அப்பளம் மாதிரி லேசாகத் திறந்துகொண்டது மூடி.

மேலே, உடைந்து தொங்கிய வீல்ஹவுஸ் கதவு. மூச்சிரைக்க நின்ற நூர் அகமது. அவர் பிடியில் திமிறிக்கொண்டிருந்தது...

செல்லம்!

"உள்ளே தாழ்ப்பா போட்டுட்டாம்மா. ஒடைச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள எனக்கே உசுரு போயிருச்சு!" என்ற இன்ஸ்பெக்டர், காற்றுக் குழாயிலிருந்து எதையோ உருவினார். கூடைக்கு அடியில் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணி. அதில் முடியும் கனகாம்பர இதழும் ஒட்டியிருந்தன.

"ஏங்க்கா...? ஐயா உங்களுக்கு என்ன பண்ணினாரு?" நந்தினி இருமிக்கொண்டே கேட்டாள்.

"மீனுக்கு அடியில பிராந்தி பாட்டில் வச்சு பூவம் செக்போஸ்ட் தாண்டி தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோறதப் பாத்துட்டாரு. போலீசுல சொல்லுவேன்னாரு. நான் ஜெயிலுக்குப் போவணுமா?"

"அதுக்கு எங்கண்ணனைத் தூக்குல போடப் பாத்தீங்களா!" நந்தினி கத்தினாள். "சார்... அண்ணனை விட்டுருங்க சார்!"

"விலங்கக் கழட்டச் சொல்லி இப்பவே ஸ்டேஷனுக்குப் போன் போடறேம்மா."

நந்தினி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

செல்லம் அவளை ஏற இறங்கப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

"குழாய அடைச்சா மூடி தெறக்காதுன்னு என் புருஷன் கல்யாணமான மறுநாளே எனக்குச் சொல்லிட்டாரு. அவரு ஏழு வருஷம் போட்டு ஓட்டினவரு. அதக் கண்டுபுடிக்க மூணு வருஷம் கம்ப்யூட்டர் படிச்சியா டீச்சரம்மா?"

நூர் அகமது அவள் கையில் விலங்கை மாட்டிக்கொண்டே நந்தினியிடம் சொன்னார்:

"எல்லாஞ் சொன்ன மனுஷன், பூ வச்ச தலையோட எஞ்சின் பக்கம் போவாதன்னு சொல்ல மறந்துட்டாரேம்மா!"