நகராத சிவப்புப் புள்ளி

முக்குளிப்பவன் ரெமி தண்ணீருக்குள் குதித்த வேகத்தில் படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவன் இடுப்பில் கட்டிய கயிறு சரசரவென்று கடலுக்குள் இறங்கியது.

தூத்துக்குடிக் கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரத்தில், ஒரு பெரிய பாருக்கு அருகே நங்கூரமிட்டிருந்தார்கள். கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டைத்தான் அந்தப் பக்கத்தில் பார் என்பார்கள். அதன் சரிவில் எங்கோ பழைய பாய்க்கப்பல் ஒன்று மூழ்கிக் கிடந்தது. பக்கத்துத் தீவில் கட்டிய கலங்கரை விளக்கத்துக்காக அது ஏற்றிவந்த ஆளுயரக் கண்ணாடி விளக்கு, பெட்டி உடையாமல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று கடலாய்வாளர் நசீமா நம்பினார். தேடிப்போன பலரும் வெறுங்கையோடு திரும்பிய விளக்கு அது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பலப்பதற்குள் எடுத்தாக வேண்டும். விட்டால் மணல் மூடிவிடும்.

கீழே ரெமிக்குக் கண் தெரியாது. கலங்கிய தண்ணீரில் நீட்டிய கையே மறையும். அவனுக்கு வழி சொல்வது மங்களா என்கிற மங்களேஸ்வரியின் வேலை. கடலடி வரைபடம் முழுவதும் கரையிலிருந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் திரையைப் படகிலிருந்த லேப்டாப்பில் வரவழைத்துப் பார்ப்பாள். ரெமி உடம்பில் கட்டிய சிறு கருவி எழுப்பும் ஒலி படகு வழியாகக் கரைக்குப் போக, அதை வைத்து அவன் இருக்கும் இடம் அந்த வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக நகரும். கயிற்றோடு பின்னிய கம்பி வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம்.

கரையிலிருந்து வரும் படம் பொடிப்பொடித் துண்டுகளாகத்தான் வரும். சிக்னல் தடுமாறும் கடலில் சில துண்டுகள் வழியிலேயே தொலைந்துபோகும். மறுபடி அனுப்பச் சொல்லிக் காத்திருக்க நேரம் இருக்காது. அதற்காக மங்களா ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். படத்தின் துண்டுகளோடு உபரித் துண்டுகள் சிலவற்றையும் அது சேர்த்து அனுப்பும். ஏதாவது தொலைந்தால் உபரியை வைத்துக் கணக்கிட்டு மீட்டுக்கொள்ளும். இழப்பு கூடினால் தானே உபரியைக் கூட்டும், குறைந்தால் குறைக்கும். உபரி கூடும்போது படம் மங்கும், மெதுவாகும். மீட்க முடியாத துண்டு இருக்க வேண்டிய கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கி, இங்கே எதுவும் தெரியவில்லை என்று காட்டிவிடும்.

அன்று படகில் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு விருந்தாளிகள் இருந்தார்கள். மங்கலான படத்தை அவர்கள் பார்ப்பதை மங்களாவால் தாங்க முடியவில்லை. உபரியை ஆகக் குறைந்த அளவில் பூட்டினாள். அசிங்கமாகத் தெரிந்த சாம்பல் கட்டங்களையும் நிறுத்தினாள். இனி ஒரு துண்டு வராவிட்டால் அந்த இடத்தில் பழைய படமே நிற்கும். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தாள். படம் பளிச்சென்று தெளிந்தது. விருந்தாளிகள் பாராட்டினார்கள். அவளுக்குக் காது மடல் வரை சந்தோஷம்.

ரெமி எந்தப் பக்கம் என்று கேட்டான். புள்ளியைப் பார்த்து வலது பக்கம் திரும்பச் சொன்னாள். சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் குரல் வந்தது.

"மங்களா, கால் வலைல மாட்டிக்கிச்சு. நவுர முடியல."

அவளுக்குப் புரியவில்லை. புள்ளி வலை இல்லாத வெட்டவெளியில் நின்றது. ஆனால் அது வெகுநேரமாக அங்கேயே நின்றது. சுற்றியுள்ள படமெல்லாம் புதுசாக வந்துகொண்டிருக்க, அந்த ஒரு கட்டம் மட்டும் பழசாகவே உறைந்திருந்தது. ரெமி அந்த இடத்தை எப்போதோ கடந்து, அவள் பேச்சைக் கேட்டு, மீனவர்கள் கைவிட்ட வலைக் குவியலுக்குள் நேராகத் திரும்பியிருந்தான்.

படகோட்டி சவேரி அண்ணன் காற்று உருளையை முதுகில் மாட்டிக்கொண்டு குதித்தார். கயிற்றைப் பிடித்தே கீழே போய் வலையை அறுத்தார். ரெமியை மேலே இழுத்துப் போட்டபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கணுக்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

சொன்ன பக்கம் விட்டு வேறு பக்கம் போய்விட்டாரோ என்று விருந்தாளி ஒருவர் கேட்டார். ரெமி இருமலுக்கு நடுவே, சொன்ன பக்கம்தான் திரும்பினேன் என்றான். நசீமா மங்களாவைப் பார்த்தார். மங்களா, சிக்னல் சரியில்லை என்று மட்டும் சொன்னாள். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன மறுகணமே தன் வாயை யாரோ அழுக்குத் துணியால் அடைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

கரை சேர்ந்ததும் நசீமா கொச்சியிலிருந்து வேறு முக்குளிப்பாளரை வரவழைக்கப் பேசிக்கொண்டிருந்தார். ரெமியை இனி நம்ப முடியாது என்று அவர் போனில் சொன்னது மங்களா காதில் விழுந்தது. சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே எழுந்துபோனாள். தூங்கவில்லை. ரெமியின் முகம்கூட அவளை அவ்வளவு வதைக்கவில்லை. விருந்தாளிகள் பாராட்டியபோது தான் சிரித்த சிரிப்புதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

காலையில் ரெமியின் வீட்டுக்கே நசீமாவை அழைத்துப் போனாள். கட்டுப் போட்ட காலை நீட்டி அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"படம் நல்லாத் தெரியணும்னு நான்தான் உபரியைக் குறைச்சுப் பூட்டி வெச்சேன். புள்ளி நின்னுபோச்சு. பழைய இடத்தைப் பாத்து உனக்கு வழி சொல்லிட்டேன் ரெமி."



"நேத்தே சொல்லியிருக்கலாம்லா," என்றான்.

நசீமா கடுமையாகத் திட்டினார். மங்களா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள். பிறகு நசீமா ரெமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி இறங்குவாயா என்று கேட்டார். கால் ஆறட்டும், இறங்குகிறேன் என்றான் அவன். வழி சொல்ல வேறு ஆள் வேண்டுமா என்று கேட்டதற்கு, இவளே சொல்லட்டும், ஆனால் எதையும் பூட்டக் கூடாது என்றான்.

கால் ஆறுவதற்குள் கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. படகு கிடந்து ஆடியது. சிக்னல் முன்னைவிட மோசம். மென்பொருள் உபரியைக் கூட்டிக்கொண்டே போனது. திரையில் வரைபடம் புகை படிந்ததுபோல் தெரிந்தது, நத்தைபோல் நகர்ந்தது. ஆனால் வந்ததெல்லாம் மெய்யாக வந்தது. வலைக் குவியலைச் சுற்றி ரெமியைப் பதமாகக் கூட்டிப்போனாள். பாரின் சரிவில் ஒரு இடுக்கை நெருங்கியபோது கீழே மணல் கிளம்பிவிட்டது. இடமா, வலமா என்று அவன் கேட்டான்.

அந்த நேரம் பார்த்துப் புள்ளி இருந்த கட்டம் சாம்பலானது.

நசீமா ஏதாவது சொல் என்று அவசரப்படுத்தினார். இடதுதான் என்று மங்களாவின் மனசு அடித்துச் சொன்னது.

"தெரியல ரெமி. அசையாம இரு," என்றாள்.

ரெமி அசையாமல் நின்றான். அவன் மூச்சு ஒவ்வொன்றும் உருளையைக் காலி செய்துகொண்டிருந்தது. மங்களா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எதையும் தொடவில்லை. மென்பொருள் இன்னும் உபரியைக் கூட்டியது. வரைபடத்தின் ஓரங்கள் மங்கி அழிந்தன. பிறகு அந்தக் கட்டம் மெல்ல நிறைந்தது. இடது பக்கம் பாறை இடுக்கு வாயைத் திறந்து கிடந்தது. வலது பக்கம் சதுரமாக ஒரு நிழல்.

"வலது. கைய நீட்டிப் பாரு."

மூச்சுச் சத்தம். அப்புறம், மரம் தட்டுப்படுகிறது என்ற குரல்.

காற்றுப் பைகள் கட்டி மாலைக்குள் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். உள்ளே பாசி படிந்த அடுக்கடுக்கான கண்ணாடி, கீறலில்லாமல் இருந்தது. சவேரி அண்ணன் துண்டால் ஒரு இடத்தைத் துடைத்தார். வெயில் பட்டு அது படகு முழுக்க நிறங்களை வாரியிறைத்தது.

துறைமுகத்தில் கூட்டம் கூடியிருந்தது. பழைய விருந்தாளிகளும் மாலையோடு நின்றார்கள். அவர்களில் ஒருவர் ரெமியின் தோளைத் தட்டி, இந்தத் தடவை சொன்னபடி கேட்டீர்கள் போலிருக்கிறது என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ரெமி தரையைப் பார்த்தான்.

மங்களாவுக்கு முகம் எரிந்தது. இரண்டு பேரிடம் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

"அன்னைக்கும் ரெமி நான் சொன்னபடிதான் கேட்டார்," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பா சொன்னது நான். உங்க முன்னால படம் அழகாத் தெரியணும்னு செஞ்ச வேலை அது."

சிரிப்பு நின்றது. விருந்தாளி கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டியதற்கு இவ்வளவு பேர் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறதே என்று மங்களா கூசினாள். ஆனால் நின்றாள்.

படகிலிருந்து பெட்டியை இறக்க ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள். ரெமி ஒரு முனையை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"பிடி, கனமா இருக்கு," என்றான்.

அவள் பிடித்தாள்.