இன்னும் பத்து நிமிஷம்

நான்கு மணி நேரமாக யூரிமும் அவள் அக்கா கும்சூனும் கொரியாவின் ஜிரி மலையில் பனிக்கட்டிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எதிரே இறங்கி வந்தவர்களெல்லாம் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். ராத்தங்கும் விடுதி பக்கத்தில்தான், இன்னும் பத்து நிமிஷம்.

பொய் என்று எல்லோருக்கும் தெரியும். மூச்சு வாங்குகிறவரிடம் உண்மையான தூரத்தைச் சொல்வது இந்த மலையில் மரியாதை இல்லை.

மதியம் கும்சூனின் வலது காலணிக்கு அடியில் வழுக்காமலிருக்கக் கட்டியிருந்த இரும்புப் பற்களின் சங்கிலி அறுந்தது. சற்று நேரத்தில் அவள் ஓடையில் வழுக்கி விழுந்து இடுப்புவரை நனைந்தாள். போட்டிருந்ததெல்லாம் நனைந்தால் லேசில் காயாத பருத்தி. காலையில் யூரிமின் பெரிய பையைப் பார்த்து, "இமயமலைக்காடி போறோம்?" என்று சிரித்தவள் அவள். இப்போது யூரிமின் மாற்றுக் காலுறைகளும் அந்த ஈரக் காலணிக்குள் ஊறிப்போயிருந்தன.

திரும்பிவிடலாம் என்று யூரிம் சொன்னபோதெல்லாம் யாராவது வந்து, பத்து நிமிஷம் என்றார்கள்.

யூரிம் முன்னால் நடந்தாள். அவள் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு கும்சூன் பின்னால் வந்தாள்.

வெளிச்சம் மங்கியது. பாதையை மூடும் நேரம் கடந்துவிட்டது. இனி யாரும் இறங்கி வரக் கூடாது.

ஒருவர் இறங்கி வந்தார்.

பழைய கம்பளிக் கோட்டு. அவர் காலடியில் பனிக்கட்டியை இரும்பு கடிக்கும் சத்தமே இல்லை.

"அண்ணே, பத்து நிமிஷம்தானே?" கும்சூன் சிரிக்கப் பார்த்தாள். உதடு விறைத்திருந்தது.

அவர் யூரிமைப் பார்த்தார். "தங்கச்சிக்கு நாற்பது நிமிஷம்."

"அப்ப எனக்கு?"

அவர் பனியில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, கும்சூனை வணங்கினார். எழுந்து மறுபடியும் வணங்கினார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

கும்சூன் அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு தடவை கும்பிட்டாருடி. செத்தவங்களுக்குத்தானே ரெண்டு தடவை?"

யூரிம் கைபேசியை எடுத்தாள். குளிரில் அது அணைந்திருந்தது.

அடுத்த வளைவில் ஒரு பாறைமேல் கும்சூன் உட்கார்ந்தாள். நடுக்கம் நின்றிருந்தது. உடம்பெல்லாம் எரிகிறது என்று மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். உடம்பு குளிரிடம் தோற்கும்போதுதான் அப்படித் தோன்றும் என்று யூரிம் படித்திருந்தாள். பொத்தான்களை மறுபடி போட்டுவிட்டாள். குடுவையிலிருந்து புகட்டிய வெந்நீர் அக்காவின் வாயோரம் வழிந்தது. தன் கோட்டுக்குள் அவளை இழுத்து, இறுக்கி அணைத்துக்கொண்டாள். தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கத்தினாள். யாரும் வரவில்லை.

கடைசியாக அக்காவின் கழுத்தில் நாடி தேடி விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

பிறகு எழுந்து நடந்தாள்.

நாலு அடி போனதும் பின்னால் பையின் பட்டை இழுபட்டது.

யூரிம் திரும்பவில்லை. நடந்தாள். கேட்டது ஒரு ஜோடிக் காலணியின் சத்தம் மட்டும்தான்.

விடுதிக் கதவைத் திறந்த காவலரின் பின்னாலிருந்து ராம்யோன் நூடுல்ஸ் கொதிக்கும் வாசனை வந்தது. இரண்டு பேருக்கல்லவா இடம் பதிவாகியிருக்கிறது என்றார் அவர். அவள் தோளுக்குப் பின்னால் இருட்டை எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"வந்துடுவாங்கம்மா. பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க."

"இல்ல," என்றாள் யூரிம். "அக்கா அந்தப் பாறையிலயே செத்துட்டா."

பின்னால் பட்டையைப் பிடித்திருந்த கை இன்னும் இறுகியது.