பிராம்லி ஏரியின் அளவு விதி

திங்கட்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போதுதான் ஜெரிஷ் தன் கீழுதட்டில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனித்தான். வலது ஓரத்தில், ஒரு மிளகு நுழையும் அளவு. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, வலிகூட இல்லை. வாயில் தண்ணீரை வைத்துக் கன்னத்தை உப்பினால் அந்த வழியாக ஒரு மெல்லிய இழை பீய்ச்சிக் கண்ணாடியில் போய் விழுந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்குப் புதிதாக வாய்க்கிற வசதிகளில் இது சேர்த்தி இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை பீய்ச்சிப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தான். தொப்புளுக்குச் சற்று மேலே, வயிற்றைச் சுற்றி, சிவப்பாக ஒரு கோடு. ஈர நாடாவை இறுக்கிச் சுற்றி எடுத்ததுபோல முதுகுப்பக்கமும் விடாமல் ஓடிற்று.

மனைவி ஃபெபி சாப்பாட்டு டப்பாவோடு எட்டிப் பார்த்தாள்.

"பெல்ட்ட லூசாப் போடுங்கன்னு எத்தன தடவ சொல்லியாச்சு. ஒதட்டுல முள்ளு குத்தியிருக்கும். நேத்து தின்னது கொஞ்சமா மீனு?"

முள் என்று அவள் சொன்னது சரிதான். எந்த முள் என்பதுதான் கேள்வி.

சனிக்கிழமை அவன் ஞானேஸ்வரனுடைய படகில் பிராம்லி ஏரிக்குப் போயிருந்தான். ஏரி என்று பெயரே தவிர, ஓர் ஓடையை மறித்து அணை கட்டித் தேக்கிய தண்ணீர். அடியில் ஒரு முழுக் காடு நின்ற நிலையிலேயே மூழ்கிக் கிடக்கிறது. அணையிலிருந்து வழிகிற மிச்சம், டெக்சஸின் காப்பெல் ஊரில் ஜெரிஷ் வீட்டுப் பின்வேலியை ஒட்டிய கால்வாயில்தான் ஓடுகிறது. ஞானேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர், பல் டாக்டர், நூற்று நாற்பது கிலோ. அவர் ஏறினால் படகு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் நேராகும். ஏரியில் அவர் பிடிப்பது பாஸ் மீன், கெண்டைக்கு முகமெல்லாம் வாயாக இருந்தால் எப்படியோ அப்படி. ஜெரிஷுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நாகர்கோவில்காரனான ஜெரிஷுக்குக் கடைசிவரை பிடிபடாதது, பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிற அந்த வழக்கம்.

"பின்ன எதுக்குண்ணே புடிக்கணும்?"

"அளவு பாக்கத்தான் தம்பி." படகோரத்து அளவுப் பலகையை அவர் தட்டிக் காட்டினார். "இந்த ஏரிக்கு ஒரு சட்டம் இருக்கு. பதினாறு இஞ்சிக்குக் கீழ எண்டால் கொண்டுபோய்ப் பொரிக்கலாம். இருபத்துநாலுக்கு மேல எண்டால் ஒண்டு வச்சிருக்கலாம், பாடம் பண்ணிச் சுவரிலை மாட்டலாம். இடையிலை நிக்கிறதை விட்டிட வேணும். பெரிசு சுவருக்கு, சின்னன் சட்டிக்கு. நடுவிலானுக்குத்தான் ஆயுசு கெட்டி."

அந்தச் சனிக்கிழமை மூடுபனி. மீன்கள் முட்டையிடக் கரையோரம் வந்திருந்த வசந்தம். படகையொட்டி ஒரு செயற்கை இரை மிதந்து வந்தது, வெள்ளி வயிறும் பச்சை முதுகுமாக, அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல. யாரோ தவறவிட்ட நல்ல சாமான் என்று ஜெரிஷ் குனிந்தான். அதற்கு அடுத்து அவனுக்கு நினைவிருப்பது, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச்சொட்டப் படகில் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் தூண்டிலோடு நின்ற ஞானேஸ்வரன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்ன தம்பி, குளிச்சிட்டீரோ?" என்றார்.

அந்த வாரமே தன் கிளினிக்கில், நாற்காலியைச் சாய்த்து விளக்கை இறக்கி, அவர் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார்.

"இது தூண்டில் ஓட்டை. மீனுக்கு இருபது வருசமாய்ப் போடுறன், எனக்குத் தெரியாதோ?" நாற்காலி குலுங்கச் சிரித்தார். "ஆரோ உம்மைப் பிடிச்சு, அளவு காணாதெண்டு விட்டிட்டினம்."

நல்ல நகைச்சுவை. ஜெரிஷும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஆகஸ்டில் டெக்சஸ் வெயில் தாரைக் கரைத்துவிடும். மீன்கள் எல்லாம் ஆழத்துக்குப் போய்விடும். ஆகையால் இருவரும் விடியுமுன்பே போனார்கள். பெட்ரோல் வாடையும் வெந்த சேற்றின் வாடையும் ஒன்றோடொன்று பிசைந்து கிடக்க, கரை மரங்களில் சில்வண்டுகள் தேங்காய் துருவுவதுபோல விடாமல் இரைந்துகொண்டிருக்க, செத்த மரங்களின் நுனிகள் தண்ணீருக்கு மேலே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் படகு மெல்ல நின்றது. உடனே சில்வண்டுகள் நின்றன. ஒன்றுவிடாமல். ஒரு பீர் டின் மிதந்து வந்தது. குளிர்ந்த டின். மேலெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தகிக்கிற ஏரியில் அது எப்படிக் குளிர்ந்திருக்க முடியும் என்று யோசிப்பதற்குள் ஜெரிஷின் கை போய்விட்டது.

இந்தமுறை நினைவிருந்தது. எல்லாமே.

டின் வாய்க்குப் போனதும் உதட்டில் கொத்தியது. இழுப்பு. தண்ணீர். இருட்டில் கீழே, கீழே, மூழ்கிய காட்டின் கிளைகளினூடே. பிறகு ஈரப்பலகை ஒன்று முதுகில் பட்டது. பெருவிரல் போன்ற ஏதோ ஒன்று, அவன் கணுக்கால் பருமனில், வாய்க்குள் நுழைந்து கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கிற்று. துருப்பிடித்த இரும்பு வாடை. சில்லென்று ஒரு நாடா வயிற்றைச் சுற்றி இறுகியது. இரண்டு நுனிகளும் சேர்ந்த பிறகு இரண்டு விரல் நாடாதான் மிஞ்சிற்று. கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம் மின்னி அணைந்தது. அதன்பின் அது அவனைத் தண்ணீர்மட்டத்தில் குப்புறப் பிடித்து, மூச்சு வரும்வரை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துக்கொடுத்தது. களைத்த மீனைத் தெளியவைக்க ஞானேஸ்வரன் செய்வாரே, அதே பக்குவம், அதே அன்பு.

ஜெரிஷ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஞானேஸ்வரன் சொன்னார்: "மனுசருக்கு ஆர் தம்பி தூண்டில் போடுறது, மனிசியைத் தவிர?"

ஜெரிஷ் ஏரிப்பக்கமே போகவில்லை. ஆனால் அக்டோபரில், குளிருக்கு முன் மீன்கள் கண்டதையும் தின்று கொழுக்கிற பருவம் வந்ததும், ஞானேஸ்வரன் தனியாகவே கிளம்பிவிட்டார். அவரைத் தனியே விட மனம் கேட்கவில்லை. பேஸ்பாலில் பந்து பிடிக்கிறவர்கள் மாட்டுகிற கம்பிக் கூண்டு ஒன்றை வாங்கி முகத்தில் போட்டுக்கொண்டு படகேறினான்.

"வடிவாய்த்தான் இருக்கு. சாப்பாடு போடேக்கை கழட்டுவீரோ?"

"நீங்களும் ஒண்ணு மாட்டிக்கங்கண்ணே."

"என்ரை மூஞ்சைக்கு அளவாய் இன்னும் செய்யேல்லை."

பத்தடி தள்ளி ஒரு மீன் ஒருக்களித்து மிதந்தது. பாஸ். கைக்குழந்தை கனம். செவுள் மெல்லத் திறந்து மூடியது.

"ஐசே, இஞ்ச பாரும். இருபத்தெட்டு இஞ்சி வரும்." அவர் குனிந்து, தாடையைப் பிடிக்கப் பெருவிரலை நீட்டினார். அப்போதுதான் ஜெரிஷ் அதன் கண்ணைப் பார்த்தான். பெயின்ட். ஓரத்தில் கொஞ்சம் உரிந்திருந்தது.

"அண்ணே, தொடாதீங்க."

தொட்டுவிட்டார்.

மீன் துள்ளி அவர் வாய்க்குள் போயிற்று. மேலுதடு முகத்தைவிட்டு ஒரு சாண் முன்னே நீண்டது. நீண்டபடியே நின்றது. தூண்டில் நரம்பான தங்கூசி விண்ணென்று ஒலித்தது. படகு செங்குத்தாகச் சாய்ந்தது. அவர் போய்விட்டார்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

பிறகு உடைந்தது. நூற்று நாற்பது கிலோ ஞானேஸ்வரன் ஏரியைக் கிழித்துக்கொண்டு முழு உடம்பும் வெளியே தெரிய எழும்பினார். வாயை ஆவென்று பிளந்து, தலையை இடமும் வலமும் வெறிகொண்டு உதறினார். முள்ளைக் கழற்றப் பாஸ் மீன் உதறுகிற அதே உதறல். ரத்தம் சுழன்று தெறித்தது. பல் ஒன்று ஜெரிஷின் கூண்டில் மோதி மடியில் விழுந்தது. அவர் விழுந்தார். மறுபடி எழும்பினார், இந்தமுறை இடுப்புவரைதான். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் ஜெரிஷைப் பார்த்தது. அடுத்தமுறை தலை மட்டும்.

அதற்கப்புறம் குமிழி.

ஷெரிஃப் ஆபீஸ்காரர் ஜெரிஷ் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டார். முக்குளிப்பவர்கள் வாரக்கணக்கில் தேடியும் உடல் கிடைக்கவில்லை. ஆனால் ஜெரிஷுக்குக் கணக்கு புரிந்துவிட்டது. அது யாராக இருந்தாலும் சட்டத்தை மதிக்கிற ஜீவன். பெரிசு சுவருக்கு. மனிதன் ஒரு வயதுக்குமேல் நீளத்தில் வளர்வதில்லை, சுற்றளவில்தான். ஆகவே அது இடுப்பை அளக்கிறது. இரண்டு விரல். அந்த இரண்டு விரலில் தொங்கிக்கொண்டிருந்தது அவன் உயிர்.

சாப்பாட்டை நிறுத்தினான். காலையில் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு முட்டையின் வெள்ளை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசத்தை ஃபெபி பிரிக்குமுன் குப்பையில் கொட்டினான். நவம்பர் மழையில் ஒருநாள், குப்பைத்தொட்டியை வேலியோரம் தள்ளப் போனவனைக் கால்வாயே இழுத்தது. புல்லில் கிடந்த தன் செல்ஃபோன் ஒலிப்பதாக நினைத்துக் காதில் வைத்து, ஹலோ சொல்ல வாயைத் திறந்துவிட்டான். பலகை. நாடா. இப்போது நாலு விரல் தளர்ந்திருந்தது. அசைத்து அசைத்து விட்டுவிட்டது. உதட்டில் மூன்றாவது ஓட்டையோடு, சேற்றில் மல்லாந்து, மழையைப் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"இது டயட்டே இல்ல," என்றாள் ஃபெபி. "கண்ணாடில பாத்தியளா ஒங்கள? எலும்புல சட்ட தொங்குது. எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. கால்ல விழவா?"

"இன்னும் கொஞ்சம் கொறையட்டும்."

"எதுக்கு?"

பதில் சொன்னால் நம்பமாட்டாள். வயிற்றை உள்ளிழுத்துக் காட்டினான். பின்னால் முதுகெலும்பு தெரிந்திருக்கும்.

டிசம்பரில் ஒரு மாலை, சர்ச்சிலிருந்து வீடுவீடாக கேரல் பாடுகிறவர்களோடு ஃபெபி மத்தியானமே போய்விட்டிருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஹீட்டர் முனகியது. மாடியிலிருந்து இறங்கிய ஜெரிஷ் பாதிப் படியில் நின்றான்.

மணம். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்துவிட்ட சாளைமீன் குழம்பு.

கிச்சன் மேடையில் ஒரு தட்டு. ஆவி பறக்கும் சம்பா அரிசிச் சோறு, குழி பறித்து அதில் குழம்பு. மீன் துண்டங்கள் கொஞ்சம் அதிகமாகவே மினுங்கின. பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. தட்டின் விளிம்பிலிருந்து, சிலந்தி நூல் மாதிரி, ஒரு தங்கூசி தரையோடு தரையாகக் கதவைத் தாண்டிக் கால்வாய்ப்பக்கம் போயிற்று.

அவன் அதைப் பார்க்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பார்த்தான். விரலால் தொட்டும் பார்த்தான். கூண்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டிக்கொண்டு சாப்பிட முடியாது. இரை என்று தெரியாமல்தான் மீன் கவ்வுகிறது என்பவர்கள் பசித்த மீனைப் பார்த்ததில்லை.

கடித்தால்தான் என்ன? அளக்கும். சுவருக்கு ஆகமாட்டேன் என்று தெரிந்துகொள்ளும். விட்டுவிடும். நல்ல ஜீவன். சட்டத்தை மீறாது.

நின்றபடியே பிசைந்து முதல் கவளத்தை வைத்தான். கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு ருசி. இரண்டாவது. மூன்றாவதில் குத்திற்று.

முகம் மேடையில் மோதியது. பிறகு தரை. கதவு நிலை. தோள் எங்கோ கழன்றது. வேலிப்பலகை தலையில் பிளந்தது. புல், சேறு, ஐஸ் போன்ற தண்ணீர். கிளைகள்.

பலகை.

பெருவிரல் தாடையைப் பிடித்துத் தூக்கியது. நாடா வயிற்றைச் சுற்றி வந்தது. சுற்றி வந்து, மிஞ்சி, இன்னும் பாதிச் சுற்று வந்தது. மிஞ்சிய நுனியை அது இழுத்துப் பார்த்தது. நிதானித்தது. திரும்ப ஒருமுறை அளந்தது. ஜெரிஷ் கிழிந்த உதட்டோடு அதைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

வெளிச்சம் மின்னியது. அந்த வெளிச்சத்தில் மேலே, சுவர் போன்ற ஒன்றில், ஞானேஸ்வரன் இருந்தார். பளபளக்கும் மரப்பலகையில், துள்ளுகிற கோலத்தில் இடுப்பை வளைத்து, வார்னிஷ் மினுங்க, வாய் ஆவென்று. பல்லெல்லாம் திருத்தி வைத்திருந்தார்கள்.

பெரிசு சுவருக்கு.

அந்த வாக்கியத்தில் மிச்சம் ஒன்று இருந்தது. இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அது அவனைத் தண்ணீருக்குக் கொண்டுபோகவில்லை. முன்னும் பின்னும் அசைக்கவில்லை. ஏதோ ஒன்று அவன் கணுக்காலை அழுத்திப் பிடித்தது. கத்தியின் முதுகு பாதத்திலிருந்து தொடைவரை ஒருமுறை உரசிற்று. செதில் எதுவும் பறக்கவில்லை. இன்னொரு முறை. கொஞ்சம் தயக்கம். பிறகு கத்தி கூர்ப்பக்கம் திரும்பி, குதிகாலில் ஆழ இறங்கி, தோலை மேல்நோக்கி உரிக்கத் தொடங்கியது.

எங்கோ பக்கத்தில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.