இரண்டு முறை தட்டினால் திற

கார் டிக்கியில் போட்ட புதுத் தகட்டின் இடது மூலையில் தண்ணீர் நின்றது. ஒரு கையால் அள்ளும் அளவுதான், ஆனால் நிற்கவே கூடாத தண்ணீர். மிச்சிகனில் பிப்ரவரி என்றால் வெளிக்குழாய்கூட உறைந்துதான் கிடக்கும். காரோ கராஜை விட்டு ஒரு அடி நகரவில்லை, கூரையில் ஒழுக்கு இல்லை, கெரசின் ஹீட்டர் நாள் முழுக்க எரிந்து காற்றே காய்ந்துபோய் மூக்கு எரிந்தது. லெனார்ட் வ்ரோபெல் துணியால் ஒற்றி எடுத்து, பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்தார். பெயின்ட் வாசனைதான் வரும் என்று நினைத்தார். ஏரிச் சேறும் தூண்டில் மீன் வைக்கும் வாளியும் கலந்த வாடை வந்தது.

எழுபதாம் வருஷத்துக் கார் அது. நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர், கிளப்பினால் அடுத்த தெரு நாய்வரை குரைக்கும். அந்த ஊரில் குளிர்காலம் முழுக்க சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். எப்பேர்ப்பட்ட காரையும் உப்பு அடியிலிருந்து தின்று தீர்த்துவிடும். இதன் டிக்கியின் அடித்தகடு அப்பளமாய் நொறுங்கி, ஸ்டெப்னியைத் தூக்கினால் கராஜ் தரை தெரிந்தது. லெனார்ட் பழைய வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரித்தார், புதுத் தகட்டை உட்கார வைத்து வெல்டு செய்தார், இடுக்கெல்லாம் தண்ணீர் புகாதபடி சீலர் பூசிக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அதோடு விட்டாரா? பெட்ரோல் வாடை உள்ளே வரக் கூடாதென்று பின் சீட்டுக்குப் பின்னால் திறந்து கிடந்த இடத்தையும் இரும்புத் தகடு வைத்து அடைத்தார். பக்கத்து வீட்டு கஸ் எட்டிப் பார்த்து, "டிக்கி பண்றியா, பேங்க் லாக்கர் பண்றியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மகள் கோரின் இருந்திருந்தால் இன்னும் நன்றாகக் கிண்டல் செய்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே இந்தக் காரின் கூட்டாளி அவள்தான். டிக்கியில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு: ஒருவர் டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும், மூடியைச் சாத்திவிட்டு இன்னொருவர் மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும். உள்ளே போவது சின்ன உடம்பு, அதாவது கோரின். ஊற்றுவது அம்மா டார்லீன். கோரினே ஒரு கணக்கும் வைத்திருந்தாள். ஒரு தட்டு என்றால், இங்கே ஒழுகுது, இன்னும் ஊத்து. இரண்டு தட்டு என்றால், போதும், திற. சில நாள் வேண்டுமென்றே ஒற்றைத் தட்டாகத் தட்டிக்கொண்டே இருப்பாள், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும்.

வளர்ந்து ஆளான பிறகு, ஒரு மார்ச் மாதம், அம்மா பின்னிக்கொடுத்த சிவப்புக் கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொண்டு, உறைந்த ஏரியின்மேல் மீன் பிடிக்கப் போனாள். பனிக்கட்டி அவளைத் தாங்கவில்லை. ஏரி அவளைத் திருப்பித் தரவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் இருக்கிறது. கல்லுக்குக் கீழே மண் மட்டும்தான். மூன்று குளிர்காலம் ஆகியும் லெனார்டுக்கு அந்தக் கல்லின் முன்னால் ஒரு வார்த்தை வந்ததில்லை. பேச்செல்லாம் கராஜில்தான், இரும்பு தேய்க்கும் கிரைண்டரின் சத்தத்துக்கு நடுவே.

டார்லீனுக்கு அந்தக் காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டிக்கி வேலை முடிந்ததும் விற்றுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தாள், அவரும் தலையாட்டியிருந்தார். ஒஹையோக்காரர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோவதாகப் பேச்சு. இந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் வந்தது.

துடைத்தார். மறுநாள் இன்னும் அதிகம் இருந்தது. சீலரைச் சுரண்டி மறுபடி பூசினார், அதற்கும் அடுத்த நாள் துணி போதாமல் கப்பால் மொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தவக்கால மீன் வறுவலை சர்ச் கூடத்திலிருந்து அட்டைப் பெட்டியில் வாங்கி வந்த டார்லீன், அவர் டிக்கிக்குள் குனிந்து மொண்டுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள்.

"நீதானே ஊத்துற, லென்?"

"இல்ல."

"அனுப்ப மனசு வரலைன்னா சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நான் உள்ளே படுக்கிறேன், நீ ஊற்று, எங்கிருந்து வருகிறதென்று நீயே தெரிந்துகொள் என்றார். அவள் சமையலறைக்குப் போய் வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். லெனார்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுத்தார். அந்தக் காலத்துக் காரில் டிக்கியை உள்ளிருந்து திறக்கப் பிடி கிடையாது. சாவி டார்லீன் கையில்.

"பாப்பாவோட கணக்குதானே?" என்றார்.

"ம்," என்றாள். மூடி இறங்கியது.

புதுப் பெயின்டின் காரம், சீலரின் ரப்பர் வாசனை, தன் சட்டையிலிருந்தே வரும் வெல்டிங் புகை, எல்லாம் அந்தச் சின்ன இருட்டுக்குள் நெருங்கி வந்து மூச்சில் உட்கார்ந்தன. மேலே வெந்நீர் விழுந்து, மூடியின் வளைவில் ஓடி, ஓரத்துக் கால்வாயில் கொட்டி, எங்கோ கீழே சிமென்ட் தரையில் சிந்துவதை அவர் காதாலேயே பின்தொடர்ந்தார். டார்ச் வெளிச்சத்தை இடுக்கு இடுக்காக நகர்த்தினார். ஒரு சொட்டு இல்லை. நல்ல வேலை. கோரின் பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கார் போய்விடும். இரண்டு முறை தட்ட விரலை மடக்கினார்.

டக்.

அவர் இன்னும் தட்டவில்லை.

"எந்தப் பக்கம், லென்?" வெளியே டார்லீன்.

டார்ச்சைப் பின்னால் திருப்பப் பார்த்தார். சத்தம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒரு சாண் இடம்கூட இல்லை.

டக்.

மேலே தண்ணீர் நின்றது. டார்லீனின் மூச்சு மட்டும் கேட்டது, மூடிக்கு வெகு அருகில், தகட்டில் கன்னத்தை வைத்திருப்பாள் போல.

"கோரின்?" என்றாள்.

டக்.

வாளியில் மிச்சமிருந்தது மெதுவாக விழுந்தது. வெந்நீர்தான் அது. ஆனால் லெனார்டின் இடுப்புக்கடியில் ஊறியது பனிநீர். தோளுக்கு வந்தது. காதுக்கு வந்தது. ஏரி வாடை. டார்ச் மங்கியது, பழுத்தது, அணைந்தது. பிடரியில் ஏதோ பட்டது. ஈரம். சொரசொரப்பு. விரல்கள் தெரிந்தன, விரல்களைச் சுற்றிய பின்னலும் தெரிந்தது.

கம்பளி.

என் மகள்தானே என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அந்தக் கை அத்தனை சின்னதாக இருந்தது. ஏரிக்குப் போன நாளில் இருந்த கை இல்லை அது.

விரல் முட்டியால் மூடியில் தட்டினார். ஒன்று. இரண்டு.

பூட்டில் சாவி நுழையும் சத்தம். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

டக்.

சாவி திரும்பவில்லை.

"டார்லீன். நான்தான் தட்டினேன். திற."

"தெரியுது லென்." அழுதுகொண்டிருந்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. "திறந்தா போயிடுவா. கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

சாவி வெளியே வந்தது. செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் போனது. குழாய் திறந்தது. வாளி நிறையும் சத்தம், நிறைந்துகொண்டே.

தண்ணீர் வாயோரம் வந்தது. நிமிர்ந்தார். மூக்கு மூடியில் இடித்தது. காலால் உதைத்தார், பின்தகட்டை. அவரே வைத்த தகடு. அவரே போட்ட வெல்டு. அசையவில்லை.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"இன்னும் ஊத்தவா, குட்டி?"

லெனார்டின் காதருகே, ஈரக் கம்பளிக்குள்ளிருந்து, ஒரு தட்டு.