பன்னிரண்டாவது ஆஜர்

சேரன்மகாதேவி ஸ்டேஷனில் பாக்கியசீலன் இறங்கியபோது மத்தியானம் பன்னிரண்டரை. ஐப்பசி மழை அவருக்கு முன்பே இறங்கிவிட்டிருந்தது. குடையை விரித்துக்கொண்டு, தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயல் வரப்போரமாக நடந்தார். பைக்குள் ஒரு பழைய பட்டாளத்துக்காரனின் மனு இருந்தது.

பாளையங்கோட்டைச் சர்க்கார் கச்சேரியில் அவர் குமாஸ்தா. அடுத்த மாதம் டில்லியில் முடிசூட்டு தர்பார். அதே நாளில் பாளையங்கோட்டை மைதானத்தில் பழைய சிப்பாய்களை மெடலோடு வரிசையாக நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. உத்தரவு வந்ததும் வந்தது, ஜில்லாவில் இருந்த அத்தனை சிப்பாய்களுக்கும் தங்கள் காகிதத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போனது ஞாபகம் வந்துவிட்டது. மற்ற குமாஸ்தாக்கள் மழையில் அலைய மூக்கால் அழுதார்கள். பாக்கியசீலன் எங்கே போகச் சொன்னாலும் போனார். வீட்டில் இருப்பதும் ரயிலில் இருப்பதும் அவருக்கு ஒன்றாகிவிட்டிருந்தது.

அவர் மனைவி கிரேஸ் இறந்து எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது. வாந்திபேதி. ஒரே நாளில் முடிந்துவிட்டது. கடைசிவரை தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னார், இவரும் கொடுக்கவில்லை. அடக்கத்தில் அவர் அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. ஊர் அதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் உள்ளே எதுவுமே நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுவதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய சபையில் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் ஞானையா பேரேட்டை விரித்து எல்லார் பெயரையும் வாசிப்பார். ஆண்கள் 'ஆஜர்' என்று சொல்ல வேண்டும். பெண்கள் கோவிலில் குரல் எழுப்புவதில்லை. மனைவியின் பெயருக்கும் புருஷனே பதில் சொல்வான். அடக்கத்துக்கு மறுநாள் ஞாயிறு. ஞானையா பழக்கதோஷத்தில் "கிரேஸ்" என்று வாசித்துவிட்டார். பாக்கியசீலனும் பழக்கதோஷத்தில் "ஆஜர்" என்றார். 

குடும்பத் தலைவன் வந்து சொன்னால்தான் பெயரை அடிக்கலாம் என்பது சபை முறை. பாக்கியசீலன் போய்ச் சொல்லவில்லை. கிழவர் வாராவாரம் வாசித்தார், இவர் வாராவாரம் பதில் சொன்னார். கிழவர் அந்தக் கட்டத்தில் மட்டும் வருகைக் கோடு போடாமல் வெறுமையாக விட்டுவிடுவார்.

மனு கொடுத்த நேசையாவின் வீடு வாய்க்காலைத் தாண்டித் தனியாக இருந்தது. ஓட்டு வீடு, முற்றத்தில் ஒரு முருங்கை. வாசலில் ஒரு பெண் முறத்தைக் கவிழ்த்து மழைக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேசையாவின் மனைவி இன்பமணி.

"கச்சேரியில இருந்தா? வாங்க ஐயா. பேரு சொல்லிக் கூப்பிட்டுராதிய. உள்ளதான் இருக்காவ."

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிந்தது வாடைதான். நனைந்த கம்பளி, அதற்கடியில் ஈர இரும்பு. பிறகு குளிர் தெரிந்தது. ஐப்பசிக்குத் திருநெல்வேலிச் சீமையில் இப்படிக் குளிராது. கயிற்றுக் கட்டிலில் நேசையா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது, முகம் மட்டும் மிகவும் பழையது. இடது கையில் மூன்று விரல்கள் அடியோடு இல்லை. இன்பமணி கொண்டுவந்து வைத்த வெந்நீர்ச் செம்பை அந்தக் கையாலேயே அணைத்துப் பிடித்தார். செம்பில் ஆவி பறந்தது. அவர் முகம் மாறவில்லை.

"சூடு தெரியலையா அண்ணாச்சி?"

"தெரியல ஐயா. முழங்கை வரைக்கும் போயிட்டு. இப்ப நெஞ்சுப் பக்கமா வருது."

பாக்கியசீலன் காகிதத்தை எடுத்தார். நேசையா சப்பர் படையில் இருந்தவர். பாதை வெட்டுவதும் பாலம் போடுவதும் அவர்கள் வேலை. ஏழு வருஷத்துக்கு முன் அந்தப் படையில் ஒரு பிரிவைத் திபெத்துப் பனிமலைக்கு அனுப்பினார்கள். போய் வந்தவர்களுக்கெல்லாம் மெடல் உண்டு. நேசையாவின் காகிதத்தில் மட்டும் மெடல் இல்லை. 'நோய் காரணமாகக் கீழ் முகாமில் தங்கினார்' என்று எழுதியிருந்தது. அதைத் திருத்தி மெடலைச் சேர்க்க வேண்டும் என்பது மனு.

"மலைக்கு நீங்க போனதுக்கு என்ன சாட்சி?"

நேசையா விரல் இல்லாத கையைத் தூக்கிக் காட்டினார்.

"சேரமாதேவியில இருந்தா இது போச்சு?"

முறை என்று ஒன்று இருந்தது. பட்டாளத்து ஆஜர் பட்டியலின் நகலில் அடுத்தடுத்த இரண்டு பெயர்கள், மனுதாரருடையதும் அதற்கு மேல் வரியில் இருந்ததும், எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை மனுதாரருக்கு முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். மனுதாரர் தன் பெயருக்குத் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் கோடு. பதினான்கு வருஷமாகப் பாக்கியசீலன் இப்படிக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். கையே அதைப் பார்த்துக்கொள்ளும்.

இன்பமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வாசித்துவிட்டார்.

"சப்பர் அருளப்பன்."

"ஆஜர்."

பாக்கியசீலன் கோடு போட்டார்.

"சப்பர் நேசையா."

பதில் இல்லை. அவர் நிமிர்ந்தார். நேசையாவின் உதடுகள் பிரிந்திருந்தன, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் வரவில்லை.

முதல் பதில் உள்ளறையிலிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"உள்ள யாரு?"

"யாருமில்ல ஐயா," என்றாள் இன்பமணி.

எழுந்து போய்ப் பார்த்தார். ஜன்னல் இல்லாத சிறிய அறை. நடுவில் மடித்து வைத்த சாம்பல் நிறக் கம்பளி ஒன்று. வேறு ஒன்றும் இல்லை. அவர் விட்ட மூச்சு வாய்க்கு முன்னால் வெள்ளையாக நின்றது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை.

"அருளப்பன் யாரு, சொல்லுங்க."

நேசையா பைய ஆரம்பித்தார்.

"கடற்கரைக்காரன். ஒரே கூடாரம். ஒருநாள் விடியக்கருக்கல்ல எழுப்புதேன், கட்டையாக் கிடக்கான். வெளியில பேரு வாசிக்காவ. இருட்டு, எல்லாவன் மூஞ்சியிலயும் துணிச்சுத்து. செத்துட்டான்னு சொன்னா அவன் கம்பளியை எடுத்துக்கிட்டுப் போயிருவாவ. ரெண்டு கம்பளி இருந்தா நான் பொழைப்பேன். அவன் பேருக்கு நானே ஆஜர் சொல்லிட்டேன். பொறவு என் பேருக்கும் சொன்னேன். அவனைக் கல்லை அடுக்கி மூடிட்டு நடந்தேன்."

"எத்தனை நாள் சொன்னீங்க?"

"பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் மனசு கேக்கல. போதும், இனிமே வாயைத் திறக்கக் கூடாதுன்னு நின்னேன். அருளப்பன்னு கூப்பிட்டாவ."

வெளியே முருங்கையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"ஆஜர்னு வந்துட்டு ஐயா. எம் பக்கத்துல இருந்து. அடுத்து என் பேரு. எனக்கு வாய் வரல. அன்னைக்கே என்னைக் கீழ தங்கிட்டான்னு எழுதிட்டாவ. கடைசியாப் பிடிச்ச மலைக்கோட்டை வரைக்கும் அதே வரிசையில நடந்தேன். ஒருத்தனும் என்னைப் பாக்கல. அவனுக்குத் தினமும் கோடு விழுந்துச்சு. அந்தக் கோட்டையில காணாமப் போயிட்டான்னு எழுதி, மெடலை அவன் அம்மைக்கு அனுப்பிட்டாவ."

"இத்தனை வருஷம் ஏன் மனுப் போடல?"

"எனக்குன்னு எழுதினா, அவன் பேருக்கு நான் ஆஜர் சொன்னதைச் சொல்லி அவனுதை அடிக்கணும்லா. அந்த அம்மா உசுரோட இருக்கையில அதை எப்படிச் செய்ய? போன மாசி மாசம் போயிட்டாவ. இனி யாருக்கும் நோவாது." அவர் உள்ளறையைப் பார்த்தார். "மெடலை வச்சு நான் என்ன செய்யப் போறேன்? அவன் இன்ன நாள்ல செத்தான்னு ஒரு காகிதத்துல ஏறணும். அதுவரைக்கும் அவன் பட்டாளத்துலதான் இருக்கான். அவன் ஆஜர் ஆக ஆக நான் குறையுதேன். போன வருஷம் எம் மக போனா. ஒரு சொட்டு கண்ணீர் வரல ஐயா."

இன்பமணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பாக்கியசீலனின் வலது கை விரல்நுனிகளில் ஒரு மரமரப்பு இருந்தது. எப்போது வந்தது என்று தெரியவில்லை. போன மாதமே இருந்ததோ என்றும் தோன்றியது.

"பதினோரு தடவை வரைக்கும் ஒன்னும் செய்யாதா?" என்று கேட்டார்.

நேசையா அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"ஐயா யாருக்குச் சொல்லுதிய?"

"வீட்டுக்காரிக்கு. கோவில்ல."

"எத்தனை ஆச்சு?"

"எட்டு."

"போயி உடனே அடிக்கச் சொல்லுங்க. சும்மா வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதாது, நான் அப்படித்தான் இருந்தேன். எனக்கு அடிச்சுத்தர ஆளு இல்லாமப் போச்சு. உங்களுக்கு இருக்கு."

மனுவை ஏற்று, அருளப்பனின் சாவைப் பதிந்து, அவன் மெடலை ரத்து செய்யலாம் என்று பாக்கியசீலன் அங்கேயே எழுதினார். மூன்று விரல்களையும் சாட்சியாக எழுதினார். அருளப்பன் பெயருக்கு எதிரே போட்ட கோட்டைப் பேனாக்கத்தியால் சுரண்டி எடுத்தார். ரயிலில் பையைத் திறந்து பார்த்தபோது கோடு இருந்தது. மறுபடி சுரண்டினார். கச்சேரியில் உறையில் போடும்போதும் இருந்தது. காகிதம் கிழிந்துவிடும்போல ஆனதால் அப்படியே அனுப்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஞானையாவின் வீட்டுக்குப் போனார். கிழவர் பேரேட்டை விரித்து, பேனாவை மையில் தொட்டு, "அடிச்சிரட்டுமா தம்பி?" என்றார்.

கிரேஸ் என்ற பெயர் நீல மையில் இருந்தது. அவள் கேட்ட தண்ணீரைக் கொடுக்கவில்லை. இப்போது இதையும் செய்ய வேண்டுமா என்று பாக்கியசீலன் நினைத்தார். அது வருத்தம்கூட இல்லை. கை எழவில்லை, அவ்வளவுதான்.

"அடுத்த வாரம் பார்ப்போம், ஐயா."

அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னார். ஒன்பது, பத்து, பதினொன்று. மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டியது. கச்சேரியில் பேனாக்கத்தி உள்ளங்கையைக் கீறி ரத்தம் வழிந்ததைப் பக்கத்துக் குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

கார்த்திகை நடுவில் ஒரு சனிக்கிழமை பட்டாளத்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நேசையாவின் மனு தள்ளப்பட்டது. 'தாங்களே நேரில் விசாரித்து, சப்பர் அருளப்பன் ஆஜர் என்று குறித்திருப்பதால், அவருடைய மெடலை ரத்து செய்ய இடமில்லை. அவரை அணிவகுப்புக்கு வரச் சொல்லவும்.'

அதே மத்தியானம் இன்பமணி கச்சேரி வாசலில் வந்து நின்றாள். தலையில் முக்காடு.

"வியாழக்கிழமை போயிட்டாவ. கட்டில்ல உக்காந்த மேனிக்கே. முழிச்சிட்டுத்தான் இருக்காவன்னு நான் சோறு போட்டு வச்சேன்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தேதி விழுந்துட்டா ஐயா? அந்தத் தம்பிக்கு?"

பாக்கியசீலனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஞானையாவின் வீட்டு வாசல்வரை போனார். உள்ளே விளக்கு எரிந்தது. பேரேடு மேசைமேல் இருந்தது தெரிந்தது. படியில் கால் வைக்காமல் திரும்பினார். நாளைக்கு வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லிக்கொண்டார். போதாது என்று அவருக்குத் தெரியும். பதில் வந்தால் வரட்டுமே என்று மனசின் ஒரு மூலை காத்திருந்ததும் தெரியும். அவள் குரலைக் கேட்டுப் பதினோரு வாரம் ஆகிறது.

மறுநாள் ஆராதனை முடிந்தது. வெயில் நன்றாக அடித்தது. ஜன்னல் வழியாக வேப்பமரத்துக் காக்கைச் சத்தம் கேட்டது. ஞானையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஆஜர், ஆஜர் என்று ஒவ்வொரு வரிசையாக வந்தது.

"பாக்கியசீலன்."

அவர் வாயைத் திறந்தார். நாக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"பாக்கியசீலன்?"

கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்தில் இருந்தவர் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தார், அங்கே யாரும் உட்காராததுபோல. ஞானையாவும் ஒருமுறை அவர் இடத்தைப் பார்த்துவிட்டு, பேரேட்டில் வராதவர்களுக்குப் போடும் சுழி ஒன்றைப் போட்டார்.

"கிரேஸ்."

பாக்கியசீலன் உதட்டைக் கடித்துக்கொண்டார். வலிக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து, மூன்றாவது பாயின் ஓரத்திலிருந்து, நாள்கணக்கில் தண்ணீர் காணாத ஒரு தொண்டை பேசியது.

"ஆஜர்."

ஞானையா தலை நிமிரவில்லை. மற்ற எல்லாருக்கும் போடுவதுபோல அந்தக் கட்டத்திலும் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த பெயரை வாசித்தார்.